அடிக்குறிப்பில் மாமனார்

அத்தியாயம் 9

போன வாரம் ஸ்ரீவித்யாவைக் குடையும் லேப்டாப் பையுமாக அனகாபுத்தூர் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, நாம் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவள் அங்கேயே நிற்கிறாள். வாருங்கள், போவோம்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பத்தாறு வயதில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கப் போனவள் வித்யா. 2015 வெள்ளத்தின்போது அடையாற்றுக் கரையோரக் குடியிருப்புகளில் என்ன நடந்தது என்பது அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரைத் தலைப்பு. அதைப் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும் தேடிப் பிடித்துப் படித்து, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சொல்ல வேண்டும். ஆய்வுப் பத்திரிகைகளில் வந்தவை மட்டும் போதாது. எந்தப் பத்திரிகையிலும் வராத தொண்டு நிறுவன அறிக்கைகள், ஆபீஸ் சுற்றறிக்கைகள், சங்க மலர்கள் எல்லாமே வேண்டும். இவற்றுக்கு 'கிரே லிட்டரேச்சர்' என்று பெயர். ஆய்வுக் கட்டுரைகள் கம்ப்யூட்டரில் தட்டினால் வந்து விழும். இந்த இரண்டாவது ரகம் செருப்புத் தேய்ந்தால்தான் கிடைக்கும்.

தேடியதில் அவளுக்கு ஒரு முத்து கிடைத்திருந்தது. முடிச்சூர் பக்கம் ஏதோ ஒரு காலனியில், கழுத்தளவு தண்ணீர் வந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லையாம். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இருவர் அதை மாதிரிக் குடியிருப்பு என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருந்தார்கள். காலனியின் பெயரைச் சொல்லாமல் 'குடியிருப்பு கே' என்று மட்டும் போட்டிருந்தார்கள். வித்யாவும் அதையே நடுநாயகமாக வைத்துப் பாதிக் கட்டுரையை எழுதிவிட்டாள்.

பேராசிரியை சுபத்ரா படித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "அந்தப் பூஜ்யம் முதல்ல எங்கே பிறந்ததுன்னு போய்ப் பார்த்துட்டு வாங்க."

வெளிநாட்டுக் கட்டுரையின் அடிக்குறிப்பு ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிக்கையைக் காட்டியது. அந்தத் தொண்டு நிறுவனம் இருப்பது அனகாபுத்தூரில். கட்டுரையைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்ற வேண்டியது இன்று மாலை ஆறு மணிக்குள். ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கியாகிவிட்டது. இன்று விட்டால் இந்தப் பாடம் போச்சு, பாடம் போனால் வருஷம் போச்சு.

இதெல்லாம் போதாதென்று காலையிலிருந்து கனமழைக்கு ஆரஞ்சு அலர்ட் வேறு.

* * *

கரையோர மக்கள் நலக்குழு என்பது ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. நான்கு தையல் மிஷின்கள், ஒரு பீரோ, ஒரு ஏசுதாசன். பீரோவின் கீழ்ப்பாதி வெள்ளத்தில் ஊறித் துருவேறியிருந்தது. ஏசுதாசனுக்கு அறுபது வயதிருக்கும்.

"அந்த ரிப்போர்ட்டுக்கு நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறீங்களா? அத்த நான் எண்ணலம்மா. அந்தக் காலனி சங்கத்துல ஒரு மலர் போட்டாங்க. அத்தப் பாத்துதான் எழுதுனேன். இரும்மா, இங்கதான் கீது, எங்க போவப் போவுது?" என்று பீரோவுக்குள் தலையை விட்டார்.

தையல் மிஷினிலிருந்து எழுந்துபோன ஒரு பெண்மணி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். ஏசுதாசன் "அருள்மேரி, அந்த லைட்டப் போடு" என்றதால் பெயர் தெரிந்தது.

கசங்கிய மலர் ஒன்று மேஜைக்கு வந்தது. 'வெள்ளத்தை வென்றோம்' என்று மேலே. கீழே சின்ன எழுத்தில், 'கற்பகவல்லி நகர் குடியிருப்போர் நலச் சங்கம்'.

வித்யா அதை இரண்டு முறை படித்தாள். கற்பகவல்லி நகர் அவள் குடியிருக்கும் நகர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழேதான் தினமும் போய் வந்துகொண்டிருக்கிறாள். கை பரபரக்கப் பக்கத்தைப் புரட்டினாள். 'நீர் புகுந்த வீடுகள்', 'மீட்கப்பட்டோர்', 'உயிரிழப்பு: 0'. அடியில் தொகுத்தவர் பெயர்: இரா. பட்டாபிராமன், செயலாளர்.

அவளுடைய சொந்த மாமனார்!

கடல் தாண்டிப் போன பூஜ்யம் தன் வீட்டுக் கூடத்தில் பிறந்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? சட்டென்று அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாள். 'அப்பா! உங்களை ரெண்டு ஃபாரின் ப்ரொஃபசர் கோட் பண்ணியிருக்கா! நீங்கதான் மூலாதாரம்!!!'

முடிவில் மூன்று ஆச்சரியக்குறிகள். மூன்றையும் பிறகு அவள் நினைத்து நினைத்து நொந்துகொள்ளப் போகிறாள்.

"உங்க மாமனாரா அவரு?" என்றார் ஏசுதாசன். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"ஆமா சார். என்னால நம்பவே முடியலை."

"நல்ல மன்சன்மா. நான் அப்பவே கேட்டேன். இன்னா சார், முட்டை போட்டுகீறீங்க, ஒர்த்தர்கூடவா பூடலன்னு. எங்க நகர்ல யாரும் சாகலை சார்னு சொல்ட்டாரு. துக்கத்துல கீற ஆளாண்ட அதுக்கு மேல நான் இன்னா பேசறது?"

"துக்கமா? என்ன துக்கம்?"

ஏசுதாசன் டீயை ஒரு வாய் குடித்தார். "உங்க மாமியார் எப்ப தவறுனாங்கம்மா?"

அவருக்கு வித்யாவின் முகம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "அவரையே கேட்டுக்கோங்க. வெளியாளு நான் பேசக் கூடாது" என்று மலரை அவள் பக்கம் தள்ளினார்.

மாடிப்படி இறங்கும்போது அருள்மேரி பின்னாலேயே வந்தாள்.

"செக்ரட்ரி சார் நல்லா கீறாராம்மா?"

"அவருக்கென்ன? சூப்பரா இருக்கார்" என்றாள் வித்யா, நினைப்பெல்லாம் வேறெங்கோ இருக்க. "உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அருள்மேரி மேலே ஏறிப் போனாள்.

* * *

பல்லாவரத்தில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வித்யா போனில் பழைய பஞ்சாங்கம் தேட ஆரம்பித்தாள்.

சிரிக்காதீர்கள். மாமியார் அபிதகுஜாம்பாளை அவள் பார்த்ததே கிடையாது. அவர் போனதற்கு அப்புறம்தான் இவள் மருமகளாக வந்தாள். ஆனால் வருஷா வருஷம் கார்த்திகை மாதம் தேய்பிறைத் துவாதசியில் அவருக்குத் திவசம் நடக்கும். மடிசார் கட்டிக்கொண்டு வாழைக்காய்க் கறியும் எள்ளுருண்டையும் செய்பவள் இவள்தான். அந்த வீட்டில் அந்த நாளைத் திதி சொல்லித்தான் பேசுவார்களே தவிர, இங்கிலீஷ் தேதியை ஒருவரும் வாயில் எடுத்ததில்லை. கேட்டால் "ஷுகர், திடீர்னு போயிட்டா" என்று முடிந்துவிடும். அவர் போனது வெள்ளம் வந்த வருஷம் என்பது வித்யாவுக்குத் தெரியும். வெள்ளம் வந்த தேதியோ அவள் கட்டுரையில் பத்து இடத்தில் இருக்கிறது. ஒன்றைத் திதியிலும் மற்றதைத் தேதியிலும் தெரிந்து வைத்திருந்தவள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

இப்போது பார்த்தாள். வெள்ளம் வடிந்த அடுத்த வாரத்திலேயே அந்தத் துவாதசி வந்தது.

கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், வெள்ள மரணம் என்றால் என்ன என்று ஒரு விளக்கத்தை அவளே எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தாள். வெள்ளத்தில் மூழ்கியவர்கள் மட்டுமல்ல, அதில் பட்ட காயத்தாலோ, தொற்றிய நோயாலோ, மருந்து கிடைக்காமலோ பின்னால் வந்த நாட்களில் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. எழுதியபோது அது வெறும் வரி.

பத்ரிக்குப் போன் போட்டாள். படப்பை தாண்டி ஒரகடத்தில் வேலை அவனுக்கு. சனிக்கிழமையும் ஷிப்ட் உண்டு.

"பத்ரி, அம்மா எப்படிப் போனா?"

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் எங்கோ ஒதுங்கிப் போனது தெரிந்தது. "எதுக்கு இப்போ?"

"குரூப்ல போட்டேனே, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அதுல பூஜ்யம்னு இருக்கு."

"தெரியும். நான்தான் டைப் அடிச்சேன்."

"நீயா?" என்றாள் வித்யா.

"காரியம் எல்லாம் முடிஞ்சு மூணு மாசம் இருக்கும்" என்றான் பத்ரி. "அப்பா கையால எழுதிக் குடுத்தார். மலருக்கு டைப் பண்ணித் தாடான்னார். உயிரிழப்பு, பூஜ்யம். அடிச்சேன். ப்ரூஃபும் நானே பார்த்தேன்."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"என்ன கேக்கறது? அம்மா கால்ல தண்ணிக்குள்ள தகரம் கிழிச்சுது. ஷுகர் உடம்பு, ஆறலை. ஜுரம் வந்து ஒரே வாரத்துல போயிட்டா. அவருக்குத் தெரியாதா இது? தெரிஞ்சுதான் பூஜ்யம்னு எழுதினார். அன்னிலேர்ந்து அந்தச் சங்கத்து வாசல்ல நான் கால் வெச்சதில்லை." அவனுக்கு மூச்சு வாங்கியது. "வித்யா, அவர்கிட்ட கேக்காதே. ப்ளீஸ்."

"ஆறு மணிக்குள்ள நான் எழுதிக் குடுக்கணும் பத்ரி."

"உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டான். உன் இஷ்டம் என்று புருஷன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபோது தூறல் ஆரம்பித்தது.

* * *

வீட்டுக்குள் நுழைந்தால் பால்கோவா வாசனை.

பட்டாபிராமன் நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டையில், நெற்றியில் புது விபூதியுடன் கூடத்தில் நின்றிருந்தார். எழுபத்து நான்கு வயது. தந்தி ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். எதையும் முழு வாக்கியமாகப் பேசுகிறவர். குடும்ப குரூப்பில் வந்ததை அவர் நகர் குரூப்புக்கு அனுப்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. போன் விடாமல் டிங் டிங் என்றது.

"வா வா, ஆராய்ச்சியாளரே! வாயைத் திற" என்று ஒரு ஸ்பூன் பால்கோவாவை நீட்டினார். "அடுத்த ஞாயித்துக்கிழமை சங்கத்துல பாராட்டு விழாவாம். நான் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். கேக்க மாட்டேங்கறா."

எவ்வளவோ சொல்லியிருக்க மாட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இத்தனை சந்தோஷமாக அவரை அவள் பார்த்ததே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. வாயில் இட்ட பால்கோவா உள்ளே போக மறுத்தது.

"அப்பா, நான் உங்களைக் கொஞ்சம் கேள்வி கேக்கணும். எங்க மேடம் ஒரு டேபிள் குடுத்திருக்கா. ஒவ்வொரு ஆதாரத்துக்கும் அதை நிரப்பணும்."

"பேஷா கேளு." நாற்காலியை இழுத்துப் போட்டு, டிவி பேட்டிக்கு உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் அபிதகுஜாம்பாள், மூக்குத்தியும் சந்தன மாலையுமாக.

"எழுதினது யாரு?"

"இரா. பட்டாபிராமன். கௌரவச் செயலாளர். கௌரவங்கறதை விட்டுடாதே."

"எதுக்காக எழுதினேள்?"

"நகர் ஜனங்க ஒத்துமையா இருந்து தப்பிச்சதைப் பதிவு பண்ண. வருங்காலத்துக்குப் பயன்படணும்னு."

"அந்த எண்ணிக்கையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீடு வீடா நானே போனேன். ஒரு வீடு விடலை. எல்லாரும் இருந்தா." பெருமையோடு முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

மேடத்தின் டேபிளில் கேள்விகள் அத்தோடு முடிந்துவிட்டன. அடுத்த கேள்வி வித்யாவின் சொந்தக் கேள்வி. அவள் சுவரைப் பார்த்தாள்; உடனே லேப்டாப்பைப் பார்த்தாள்.

"நம்ப வீட்டுலயுமா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"நம்ப வீட்டையும் எண்ணினேளாப்பா?"

போன் இரண்டு முறை டிங் என்றது. பட்டாபிராமன் அதை எடுக்கவில்லை.

"அபிதாவுக்கு ஷுகர். பதினஞ்சு வருஷமா ஷுகர். அதுக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்? யார் உனக்கு என்ன சொன்னா?"

"யாரும் சொல்லலை. திதியைப் போட்டுப் பார்த்தேன்."

"உன்னைப் படிக்க அனுப்பினது நான். பத்ரி யோசிச்சான். நான்தான் போகட்டும்டான்னேன்." சத்தம் போடவில்லை அவர். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வித்யாவுக்கு. "வெள்ளைக்காரன் கேக்காத கேள்வியெல்லாம் நீ கேக்கறே. நன்னாயிருக்கு."

எழுந்து பால்கனிக்குப் போய், மழையைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

* * *

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வித்யா சுபத்ரா மேடத்தைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"மேடம், அந்த ஆதாரத்தையே எடுத்துட்டா என்ன? குடியிருப்பு கே பத்தி எதுவும் எழுதாம விட்டுடறேன்."

"எடுத்துடலாம். உங்க கட்டுரைல அதுதானே நடுவுல இருக்கு? மிச்சத்தை வெச்சு பாஸ் பண்றது கஷ்டம்."

"சரி, வெச்சுக்கறேன். நம்பகத்தன்மை குறைவுன்னு மட்டும் போட்டா?"

"ஏன் குறைவுன்னு காரணம் எழுதணும் ஸ்ரீவித்யா."

"எழுதலைன்னா?"

"எழுதலைன்னா எனக்கு எப்படித் தெரியும்? நீங்களா சொல்லலைன்னா நான் கண்டுபிடிக்கவே மாட்டேன். அந்த வெளிநாட்டுக்காரங்க கண்டுபிடிச்சாங்களா? நாளைக்கு உங்க கட்டுரையைப் பார்த்து இன்னொருத்தர் அதே பூஜ்யத்தை எழுதுவார். அவ்வளவுதான்." பிறகு மேடத்தின் குரல் இளகியது. "உங்க மாமனார் எப்படி இருக்கார் இப்போ?"

"பால்கனில நிக்கறார்."

"அவரைப் பார்த்துக்கோங்க முதல்ல" என்று வைத்துவிட்டார்.

லேப்டாப்பைக் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, 'சங்க மலரின் தகவல் ஏற்கத்தக்கது' என்று டைப் அடித்தாள் வித்யா. பார்த்தாள். பத்ரியும் இப்படித்தானே ஒரு நாள் உட்கார்ந்து அடித்திருப்பான் என்று தோன்றியது. எழுத்து எழுத்தாக அழித்தாள். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள். மாமனாரைக் காட்டிக் கொடுக்க அவளால் முடியாது. பார்த்தே இராத மாமியாரை அழிக்கவும் கை வரவில்லை. எள்ளுருண்டை பிடித்த கை அல்லவா?

வாசலில் பைக் சத்தம் கேட்டது.

பத்ரி தொப்பலாக நனைந்திருந்தான். ஷிப்ட் முடிய நேரம் பாக்கி இருக்கும்போதே வந்திருக்கிறான். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நேரே பால்கனி வாசலில் போய் நின்றான்.

"அப்பா, வித்யா கேட்டாளா?"

"கேட்டா."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"நீ எப்பவும் அதைத்தானே சொல்லுவே!" என்று திரும்பினார் பட்டாபிராமன். கண் சிவந்திருந்தது.

பத்ரி ஹெல்மெட்டைக் கழற்றினான். "அந்தப் பூஜ்யத்தை நான்தான்ப்பா டைப் அடிச்சேன். இத்தனை வருஷமா அது என் விரல்ல இருக்கு. அம்மாவை ஏன் மறைச்சேள்னு ஒரு நாள் கேக்கணும் கேக்கணும்னு..."

"கேட்டிருக்கலாமேடா!"

அந்தக் குரலில் வித்யா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தெருக்கோடியில டிடிபி சென்டர் இருந்தது. காசைக் குடுத்தா அரை நாள்ல அடிச்சுத் தருவான். உன்கிட்ட ஏன் குடுத்தேன்? நீ கேப்பேன்னு குடுத்தேன். என்னப்பா இது, அம்மா எங்கேன்னு நீ ஒரு வார்த்தை கேட்டா, பூஜ்யத்தை அழிச்சுட்டு ஒண்ணுன்னு போடலாம்னு இருந்தேன். பின்னாலேயே நின்னேன்டா. நீ பாட்டுக்கு டைப் அடிச்சுண்டே போனே. சரி, பிள்ளைக்கே அது வேண்டாம் போலிருக்குன்னு விட்டுட்டேன்."

அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கேட்பார் என்று மற்றவர் காத்திருந்ததிலேயே அந்த வீட்டில் ஒன்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வித்யாவுக்கு இருவர் மேலும் கோபமாக வந்தது. இருவரையும் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"வாங்கோப்பா, உக்காருங்கோ" என்று கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

உட்கார்ந்தவர் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"போகச் சொன்னது நான். பின்தெரு மாமிக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்து போச்சுன்னு தகவல் வந்தது. நான் லாரி டயர் டியூப்ல ஜனங்களை ஏத்திண்டிருந்தேன். நீ போய்க் குடுத்துட்டு வந்துடு அபிதான்னேன். மறுபேச்சு பேசலை, புடவையைத் தூக்கிச் சொருகிண்டு இறங்கிட்டா. ஒண்ணுன்னு எழுதினா யாருன்னு கேப்பா. யாருன்னு சொன்னா ஏன் தண்ணில இறங்கினான்னு கேப்பா. எப்படிப் பதில் சொல்றது? அப்பறம் கணக்குப் பார்த்தேன். அவ போனது குரோம்பேட்டையில, ஆஸ்பத்திரில. நகர் எல்லைக்கு வெளியில. நகருக்குள்ள யாரும் சாகலைன்னு எழுதினா பொய் இல்லையே? கணக்கு சரியாத்தான் இருந்தது வித்யா. தப்பே கிடையாது."

பத்ரி தரையில் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். நனைந்த சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வித்யா லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். மணி நாலரையைத் தாண்டியிருந்தது. "அப்பா, உங்க சம்மதம் இல்லாம நான் எழுத மாட்டேன். பாஸ் ஆகலைன்னா போறது."

பட்டாபிராமன் தலையைத் தூக்கிச் சுவரில் இருந்தவளைப் பார்த்தார்.

"எழுது" என்றார். "பூஜ்யத்தை அழிச்சுடு."

வித்யா டேபிளில் இருந்த பூஜ்யத்தை அழித்தாள். அந்தக் கட்டத்தில் ஒன்று என்று போட விரலை வைத்தாள்.

"இரு. ஒண்ணு இல்லை."

பத்ரி நிமிர்ந்தான். "என்னப்பா?"

"ரெண்டு" என்றார். "அவளைத் தனியா அனுப்பலை நான். தடுக்கி விழுந்துடப் போறாளேன்னு நம்ப நகர் மோட்டார் ரூம்ல வேலைக்கு இருந்தவனைக் கூட அனுப்பினேன். கையைப் பிடிச்சு அழைச்சிண்டு போனான். அவனும் அதே தண்ணில, அதே தகரத்தை மிதிச்சான். நான் இங்க காரியம் பண்ணிண்டிருந்தபோது அவனுக்கு எலிக் காய்ச்சல், போயிட்டான்னு சொன்னா. அவன் நகர்வாசி கிடையாது. சொந்த வீடு அனகாபுத்தூர்ல. அதனால அவனும் கணக்குல வரலை."

"சவுரிமுத்துவா?" என்றான் பத்ரி. "அவன் ஊருக்குப் போயிட்டான்னு சொன்னேளே அப்பா!"

பட்டாபிராமன் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்தார்.

வித்யாவின் விரல் இன்னும் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்தது. "ரெண்டுன்னு போட்டுடட்டுமா?"

"அபிதாவை எழுத நான் சொல்லலாம். அவனை எழுத நான் யாரு? அவன் பெண்டாட்டியைக் கேக்கணும். ஒரு தடவைகூட நான் போய்ப் பார்த்ததில்லை." செருப்பில் காலை நுழைக்க இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறையில் நுழைத்தார். "அருள்மேரின்னு பேரு. இருக்காளோ இல்லையோ, தெரியலை."

வித்யாவுக்கு நினைவு வந்தது. டீ கொண்டுவந்து வைத்த அந்தக் கை. மாடிப்படியில் கேட்ட அந்தக் கேள்வி.

"இருக்கா அப்பா" என்றாள்.

"ஆறு மணிக்குள்ள திரும்பி வர முடியாது வித்யா" என்றான் பத்ரி. மழை இப்போது வலுத்துவிட்டிருந்தது.

"தெரியும்" என்று சொல்லி, நிரப்பாத கட்டத்தோடு லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள் அவள்.

பத்ரி கார் சாவியை எடுத்தான். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கார் ஓட்டி அவனுக்குப் பழக்கமில்லை. இருந்தும் முன் கதவைத் திறந்து, குடையை வாங்கி மடக்கி, அவர் ஏறும் வரை மழையில் நின்றான்.

பட்டாபிராமனின் சட்டைப்பையில் போன் டிங் என்றது. பாராட்டு விழாவுக்குப் பொன்னாடை ஏற்பாடாகிவிட்டதாக யாரோ போட்டிருந்தார்கள். அவர் படித்துவிட்டுப் போனைத் தலைகீழாக மடியில் கவிழ்த்தார்.

"அவகிட்ட என்னன்னு ஆரம்பிக்கறதுடா?" என்றார்.

பத்ரி வைப்பரைப் போட்டு வண்டியை எடுத்தான். பின் சீட்டில் வித்யா பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செக்ரட்ரி சார் நல்லா கீறாராம்மா என்று கேட்டவளிடம், அவருக்கென்ன, சூப்பரா இருக்கார் என்று காலையில்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.